உள்ளரங்கக் கால்பந்து அணிக்குக் கூட்டம் சேர்க்க: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1974 பிப்ரவரி 11. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், பனி ஹாக்கி நடக்கும் ஸ்பெக்ட்ரம் அரங்கில், உள்ளூர் அணியான ஆட்டம்ஸும் மாஸ்கோவிலிருந்து வந்த சோவியத் ராணுவ அணியும் கூரைக்குக் கீழே கால்பந்து ஆடின. உள்ளூர் அணி 6-3 என்று தோற்றது. பார்க்க வந்திருந்தவர்கள் 11,790 பேர். சொந்த அணி தோற்றும் அந்த இரவு வீணாகவில்லை. அந்த ஆட்டத்தைப் பார்த்த எட் டெப்பர் என்ற தொழிலதிபர், ஏர்ல் ஃபோர்மன் என்பவருடன் சேர்ந்து 1978இல் மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கைத் தொடங்கினார்.

உள்ளரங்கக் கால்பந்து அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் சுவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. ஆகவே நம் வேலை இரண்டே இரண்டு. ஒருவரை ஒரு தடவை உள்ளே கொண்டுவருவது. அப்புறம் அவரே இரண்டாவது தடவை வரும்படி பார்த்துக்கொள்வது.

சிறிய அணிகளோடு சில பருவங்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். முதல் பருவத்தில் தொடக்க ஆட்டத்துக்காக ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி, தெரிந்தவர்களுக்கெல்லாம் இலவச டிக்கெட் கொடுத்து அரங்கை நிரப்பினோம். அடுத்த வாரம் பாதி இருக்கைகள் காலி. மூன்றாவது வாரம் ஆட்டக்காரர்களின் வீட்டார் மட்டும்தான். வந்தவர்கள் யார், அவர்களை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று எங்களிடம் ஒரு குறிப்பும் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள படிகள் பலவும் அந்த மூன்றாவது வாரத்துக்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை.

முதல் படி: எதைப் பார்க்கக் கூப்பிடுகிறீர்கள்?

"கால்பந்து பார்க்க வாருங்கள்" என்று சொன்னால், கேட்பவர் மனதில் பெரிய புல்வெளியும் தொலைக்காட்சியில் பார்த்த நட்சத்திரங்களும்தான் வந்து நிற்பார்கள். அந்த ஒப்பீட்டில் சிறிய அணி ஜெயிக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது வேறு ஆட்டம். அதை அதன் பெயரிலேயே சொல்லுங்கள்.

முதலில் உங்கள் அணி ஆடுவது எந்த வகை என்பதில் தெளிவு வேண்டும். உள்ளரங்கக் கால்பந்து என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று ஃபுட்சால். 1930இல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் குவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் உருவாக்கியது. அணிக்கு ஐந்து பேர், தலா 20 நிமிடத்தில் இரண்டு பாதி, பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். சுற்றிலும் சுவர் கிடையாது, கோடுதான். பந்து சற்றுச் சிறியது, அதிகம் துள்ளாது. இன்னொன்று பலகைச் சுவர் வைத்து ஆடும் வட அமெரிக்க வகை. ஹாக்கி அரங்கின் அமைப்பிலேயே செயற்கைப் புல் விரித்து, கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர் ஆடுவார்கள். அங்கே இப்போதுள்ள தொழில்முறை லீக்கில் ஓர் ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். பந்து பலகையில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது.

இந்த வேறுபாடு விளம்பரத்துக்கு முக்கியம். பலகைச் சுவர் ஆட்டத்தில் விற்க வேண்டியது வேகமும் சத்தமும். பந்து பலகையில் மோதும் ஓசையே பாதி விளம்பரம். ஃபுட்சாலில் விற்க வேண்டியது காலடி வித்தை. ஒரு சதுர அடி இடத்தில் எதிராளியைத் திணறடித்துப் பந்தைக் கொண்டுபோகும் நேர்த்தி. சுவர் ஆட்டத்தின் காட்சியைப் போட்டு ஃபுட்சாலுக்கு ஆளைக் கூப்பிட்டால், வந்தவர் ஏமாந்துபோவார்.

சரி, ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "கோல்கீப்பர் கத்துவது காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் பத்து கோல் பார்க்கலாம்" என்பது போல. பத்து கோல் என்று போடும்முன் உங்கள் அணியின் கடந்த ஆட்டங்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். உண்மையான எண்ணை மட்டும் போடுங்கள். சுவரொட்டி, காணொளிக் குறிப்பு, வாயிலில் நிற்பவர் சொல்லும் வரவேற்பு எல்லாவற்றிலும் இந்த ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரட்டும்.

புதிதாக வருபவருக்கு விதிப்புத்தகம் வேண்டாம். மூன்று விதிகள் தெரிந்தால் போதும், ஆட்டத்தின் பதற்றம் பிடிபட்டுவிடும். ஃபுட்சால் என்றால்: மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆட்டம் ஓடும்போதே உள்ளே வந்து வெளியே போகலாம். ஒரு பாதியில் ஓர் அணி ஆறாவது தவறு செய்தால், தடுப்புச் சுவர் அமைக்காமல் நேராக அடிக்கும் வாய்ப்பு எதிரணிக்கு. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கோல்கீப்பரையே முன்னுக்கு அனுப்பி ஐந்தாவது ஆளாக ஆடவைக்கும், பின்னால் கோல் காலியாகக் கிடக்கும். சுவர் ஆட்டம் என்றால் நீல அட்டையைச் சொல்லுங்கள். அது கிடைத்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். இவற்றை டிக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடியுங்கள். ஐந்தாவது தவறு நடந்ததும் "இன்னும் ஒன்றுதான்!" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தவரும் இருக்கையின் நுனிக்கு வருவார்.

இரண்டாவது படி: இப்போது வருபவர்களை எண்ணுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மூன்று ஆட்டங்களுக்கு வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை நிற்கவையுங்கள். மூன்றே கேள்விகள். யார் சொல்லி வந்தீர்கள்? இதற்கு முன் எத்தனை தடவை வந்திருக்கிறீர்கள்? அடுத்த ஆட்டத்தின் தேதியை உங்களுக்கு அனுப்பலாமா? கடைசிக் கேள்விக்குச் சரி என்றவரின் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தவரை வற்புறுத்த வேண்டாம்.

மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு நோட்டைப் புரட்டினால் அணியின் முகம் தெரிந்துவிடும். அநேகமாக எல்லாரும் ஏதோ ஓர் ஆட்டக்காரர் வழியாகத்தான் வந்திருப்பார்கள். அதிலும் இரண்டு மூன்று ஆட்டக்காரர்களே பாதிக் கூட்டத்தைக் கொண்டுவந்திருப்பார்கள். அவர்கள் மைதானத்தில் பெரிய ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும் என்றில்லை. நாங்கள் எண்ணிப் பார்த்தபோது, அதிகம் பேரைக் கூட்டிவந்தவர் எங்கள் இரண்டாவது கோல்கீப்பர். மாலையில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவரிடம் பயிலும் பிள்ளைகள் தங்கள் வீட்டாரை இழுத்து வந்திருந்தார்கள். அடுத்து எங்கே போக வேண்டும் என்று அந்த நோட்டுதான் எங்களுக்கு வழி காட்டியது.

மூன்றாவது படி: அடுத்த வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

"பரந்த மக்களிடம் கொண்டுபோக வேண்டும்" என்று அணி நிர்வாகத்தில் எல்லாரும் சொல்வார்கள். பரந்த மக்கள் என்று ஒருவர் எங்கும் இல்லை. குளத்தில் கல் எறிந்தால் வட்டம் நடுவிலிருந்து விரிவதுபோல, கூட்டமும் உள்ளிருந்துதான் விரியும். இப்போது வருகிறவர்களுக்கு அடுத்த வளையத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என் அனுபவத்தில் முதலில் பிடிக்க வேண்டிய வளையம் சிறுவர் அணிகள். காரணம் எளிமையானது. உள்ளரங்க ஆடுகளம் சிறியது. ஃபுட்சால் களம் சுமார் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது அளவான இடம். பெரிய மைதானத்தில் தொலைந்துபோகும் பிள்ளைகள் இங்கே ஒவ்வொருவராகக் கண்ணில் படுவார்கள். இடைவேளையில் பத்து நிமிடம் இரண்டு சிறுவர் அணிகளை அதே களத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில் ஆடவையுங்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரியவர்கள் பெயரைச் சொல்வதுபோலவே முழங்க வேண்டும். இருபது பிள்ளைகள் ஆடினால் அப்பா, அம்மா, தாத்தா, தங்கை என்று அறுபது எழுபது பேர் பார்வையாளர் வரிசையில் இருப்பார்கள். அவர்கள் யாரும் உங்கள் அணிக்காக வரவில்லை. அது பரவாயில்லை. உங்கள் ஆட்டம் முன்னும் பின்னும் அவர்கள் கண்ணெதிரே நடக்கிறதே, அது போதும்.

இதைச் செய்யும்போது சில நுணுக்கங்கள் உண்டு. பிள்ளைகளை முதல் பாதி முழுவதும் ஒரே இடத்தில், களத்துக்கு அருகில் உட்காரவையுங்கள். ஆடி முடித்தபின் அவர்கள் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாமல் இருக்க, ஆட்டம் முடிந்ததும் அணியோடு புகைப்படம் எடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயிற்சியாளரிடம் ஒரு மாதம் முன்பே பேசுங்கள், அவர்களுடைய தேர்வும் போட்டிகளும் இருக்கும் வாரத்தைத் தவிருங்கள். பிள்ளைகளின் படங்களை வெளியிடும் முன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இதில் சோம்பல் கூடவே கூடாது.

பெண் பிள்ளைகளின் அணிகளை ஒரு தனிச் சிறப்பு நாளுக்கு என்று ஒதுக்காமல் மற்றவர்களோடு சமமாகவே அழையுங்கள். மகளிருக்கான முதல் ஃபிஃபா ஃபுட்சால் உலகக் கோப்பை 2025இல்தான் ஃபிலிப்பைன்ஸில் நடந்தது. ஆண்களுக்கு 1989இலேயே தொடங்கிவிட்டது. அத்தனை ஆண்டுகள் வாய்ப்பில்லாமல் காத்திருந்த கூட்டம் இது. அவர்கள் குடும்பத்தோடு வர வேண்டுமென்றால் சுத்தமான கழிப்பறை, வாகனம் நிறுத்துமிடத்தில் வெளிச்சம், முடியும் நேரம் இன்னது என்ற உறுதி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றை நான் விளம்பரச் செலவில்தான் சேர்ப்பேன்.

அதற்கு அடுத்த வளையம் பொழுதுபோக்குக்காக வாரம் ஒருமுறை ஆடும் பெரியவர்கள். வாடகைக்கு எடுத்த களங்களில் அலுவலகம் முடிந்து ஆடுபவர்கள். இவர்களுக்கு ஆட்டம் ஏற்கெனவே தெரியும், மேலான ஆட்டத்தைப் பார்க்கும் ஆர்வமும் இருக்கும். அவர்கள் ஆடும் களத்துக்கே உங்கள் ஆட்டக்காரர் இரண்டு பேரை அனுப்புங்கள். அரை மணி நேரம் அவர்களோடு ஆடிவிட்டு, "சனிக்கிழமை எங்கள் ஆட்டம் இருக்கிறது, வாருங்கள்" என்று நேரில் சொன்னால் அதற்கு ஈடான விளம்பரம் கிடையாது.

நான்காவது படி: ஆட்ட இரவை வாயிலிலிருந்து வாயில்வரை நடந்து பாருங்கள்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நேரமும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும்.

உள்ளரங்கத்துக்கு இருக்கும் ஒரே பெரிய வரம் அருகாமை. மழையும் வெயிலும் இல்லை, இருட்டாக்கலாம், வெளிச்சம் போடலாம், சத்தம் கூரையில் பட்டுத் திரும்பும். பழைய மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கின் அணிகள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தன. கேன்சஸ் சிட்டி காமெட்ஸ் அணி அரங்கை இருட்டாக்கி, புகைக்கும் லேசர் ஒளிக்கும் நடுவே ஒவ்வோர் ஆட்டக்காரராக ஓடிவரச் செய்தது. செயின்ட் லூயிஸ் ஸ்டீமர்ஸ் அணிக்கு 1981-82 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்குமேல் வந்தார்கள். வெளி மைதானக் கால்பந்துக்கே கூட்டம் சேர்க்கத் திண்டாடிய நாடு அது.

உங்களிடம் லேசர் இருக்காது. வேண்டியதும் இல்லை. விளக்கை அணைத்து, ஒரே ஒரு குவிவிளக்கைக் கதவின் மேல் பாய்ச்சி, பெயர் சொல்ல நல்ல குரல் உள்ள ஒருவர் இருந்தால் போதும். அறிவிப்பாளரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இடைவிடாமல் கத்துபவர் வேண்டாம். யார் கோல் அடித்தார், எத்தனையாவது கோல், இப்போது ஏன் நடுவர் ஊதினார் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு வாயை மூடத் தெரிந்தவர் வேண்டும். மிச்ச நேரத்தில் கூட்டத்தின் குரலும் காலணி கிறீச்சிடும் ஒலியும் கேட்கட்டும்.

இருக்கை அமைப்பில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் நூறு பேர் வந்தால், அவர்களை நாலாபக்கமும் சிதறவிடுவது. எல்லாரையும் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராகச் சேர்த்து உட்காரவையுங்கள். மற்ற பகுதிகளைத் துணியால் மறைத்துவிடலாம். நெருக்கமாக உட்கார்ந்த நூறு பேரின் சத்தம் சிதறிக் கிடக்கும் முந்நூறு பேரிடமிருந்து வராது. கேமராவை அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். அப்போதுதான் காணொளியில் ஆட்டத்துக்குப் பின்னால் நிறைந்த கூட்டம் தெரியும்.

ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு. டல்லஸ் சைட்கிக்ஸ் அணிக்கு ஆடிய பிரேசில்காரர் டாட்டு, கோல் அடித்ததும் தன் ஜெர்ஸியைக் கழற்றிக் கூட்டத்தில் ஒருவரிடம் எறிந்துவிடுவார். அவர் கோல் அடிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக்கு ஒரு கதையோடு போனார். ஜெர்ஸி கொடுக்க வசதியில்லாத அணிகள் கோல் அடித்த பந்தில் கையெழுத்திட்டு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், கோல் அடித்தவர் ஓடிவந்து முன்வரிசையில் இருப்பவர்களோடு உள்ளங்கை தட்டிக்கொள்ளலாம். அதற்குச் செலவே இல்லை, பெரிய மைதானத்தில் அது நடக்கவும் நடக்காது.

ஆட்டம் முடிந்ததும் இருபது நிமிடம் அணி முழுவதும் களத்திலேயே இருக்க வேண்டும். தோற்றாலும் இருக்க வேண்டும். இதை ஆட்டக்காரர்களிடம் பருவம் தொடங்கும்போதே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். தோற்ற இரவில் முகம் வாடியிருந்தாலும் குனிந்து ஒரு பிள்ளையின் நோட்டில் கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரரை அந்தக் குடும்பம் மறக்காது. எங்கள் நோட்டில் மூன்று நான்கு தடவை வந்ததாகப் பதிவானவர்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டபோது, வெற்றியைப் பற்றிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. "அவர் என் பையன் பெயரை ஞாபகம் வைத்திருந்தார்" என்றுதான் பலரும் சொன்னார்கள்.

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள். சொன்ன நேரத்தில் முடியுங்கள்.

ஐந்தாவது படி: வராதவர்களின் கைபேசிக்குப் போங்கள்

காணொளி எடுக்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. இரண்டு கைபேசிகள், ஒரு தாங்கி போதும். ஒரு கைபேசியை நடுக்கோட்டுக்கு நேராக, முடிந்தவரை உயரத்தில் வைத்து முழு ஆட்டத்தையும் பதிவுசெய்யுங்கள். இன்னொன்றைக் கையில் பிடித்துக் கோலுக்குப் பின்னாலோ மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு அருகிலோ நில்லுங்கள். கூட்டம் பெருக உதவுவது இரண்டாவதுதான். பயிற்சியாளர் சொல்வது, கோல்கீப்பர் கத்துவது, கோல் விழுந்ததும் பெஞ்சு எழுந்து குதிப்பது எல்லாம் அதில் பதியும்.

தரைக்கும் பந்துக்கும் நிறம் ஒட்டிப்போனால் கைபேசியில் பந்தே தெரியாது. மேஜர் இண்டோர் சாக்கர் லீக் சிவப்புப் பந்தோடு ஆடியது. உங்கள் லீக் விதி அனுமதித்தால் தரையிலிருந்து பளிச்சென்று பிரியும் நிறத்தில் பந்தை எடுங்கள். ஜெர்ஸியின் முதுகில் எண் பெரிதாக இருக்கட்டும், பெயர் அதைவிட முக்கியம்.

வெட்டித் தொகுப்பதில் என் விதி இது: ஒரு காணொளிக்கு ஒரே நிகழ்வு, முப்பது விநாடிக்குள், அன்று இரவே வெளியாக வேண்டும். முதல் இரண்டு விநாடியில் பந்து அசைந்தாக வேண்டும். அணியின் சின்னம் சுழன்று வரும் அறிமுகக் காட்சியைப் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். குறிப்பில் ஆட்டக்காரரின் பெயர், அவர் யார் என்று அரை வரி, அடுத்த ஆட்டத்தின் தேதி, இடம். "செவிலியராக இரவுப் பணி முடித்துவிட்டு நேராக ஆட்டத்துக்கு வந்தவர்" என்ற அரை வரி, எத்தனை கோல் அடித்தார் என்ற கணக்கைவிட ஆழமாகப் பதியும். ஆட்டக்காரர் சம்மதித்தால் மட்டும் அந்த விவரத்தைப் போடுங்கள். திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்க்காதீர்கள். காப்புரிமைப் பிரச்சினையில் காணொளியே காணாமல் போகலாம். அரங்கின் சொந்த ஒலியே நல்ல பின்னணி.

கோல்களை மட்டுமே போடும் பழக்கத்தையும் விடுங்கள். இந்த ஆட்டத்தில் கோல்கீப்பர்கள் ஒரு கை தூரத்திலிருந்து வரும் அடிகளைக் காலால், மார்பால், முகத்தால்கூடத் தடுப்பார்கள். கால்பந்து தெரியாதவருக்கும் அது உடனே புரியும்.

ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகக் காட்டினால் அரங்குக்கு வரும் கூட்டம் குறையும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். சிறிய அணிகளுக்கு அந்தப் பயம் வேண்டாம் என்பதே என் எண்ணம். உங்களைத் தெரிந்தவர்களே குறைவு, மறைத்துவைத்து என்ன ஆகப்போகிறது?

இதற்குப் பெரிய அளவிலான சான்று கிங்ஸ் லீக். ஸ்பெயினின் முன்னாள் கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கே 2023 ஜனவரியில் பார்சிலோனாவில் தொடங்கிய, அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. ஈபாய் யானோஸ் போன்ற பிரபல இணைய ஒளிபரப்பாளர்களையும் காஸியாஸ், அகுவேரோ போன்ற முன்னாள் வீரர்களையும் அணிகளின் நிர்வாகத் தலைவர்களாக வைத்தார்கள். ஆட்டங்களை இலவசமாக இணையத்தில் காட்டினார்கள். விதிகள் சிலவற்றை ரசிகர்களின் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். மூன்றே மாதத்தில், அந்த மார்ச் 26 அன்று, இறுதிக்கட்ட ஆட்டங்களைப் பார்க்கக் கேம்ப் நோ மைதானத்துக்கு வந்தவர்கள் 92,522 பேர். 2024இல் ஜெர்மனியில் கால்பந்து வீரர்கள் ஹும்மல்ஸும் பொடோல்ஸ்கியும் முன்னின்று தொடங்கிய 'பாலர் லீக்' (Baller League) போட்டியும் இதே தடத்தில்தான் போனது.

இதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது? புகழ் பெற்ற முகங்களை வாடகைக்குப் பிடிக்க ஓடாதீர்கள். அவர் போனதும் அவருடைய கூட்டமும் போய்விடும். ஆனால் ரசிகர்களைத் தீர்மானத்தில் பங்குகொள்ளச் செய்வதை உடனே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பருவத்து ஜெர்ஸியின் நிறம், மாதத்தின் சிறந்த கோல், இடைவேளையில் நடக்கும் பெனால்டிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்று சின்னச் சின்ன முடிவுகளை வாட்ஸ்அப் குழுவில் வாக்குக்கு விடுங்கள். வாக்களித்தவர் முடிவு என்ன ஆனது என்று பார்க்க வருவார். ஒரே நிபந்தனை, முடிவு எதுவானாலும் அதன்படி நடக்க வேண்டும்.

ஆறாவது படி: டிக்கெட்

இலவசமா, கட்டணமா என்ற விவாதம் எல்லா அணியிலும் நடக்கும். என் பதில்: முதல் வருகை இலவசமாக இருக்கலாம், ஆனால் பெயரில்லாத டிக்கெட்டாக இருக்கக் கூடாது. கட்டுக்கட்டாக அள்ளிக் கொடுக்கும் டிக்கெட் மேசை இழுப்பறையில்தான் தூங்கும். "இன்னாருக்கு, இன்னார் அழைப்பில்" என்று பெயர் எழுதிக் கொடுங்கள். அப்போது வராமல் இருக்க ஒரு தயக்கம் வரும், வந்தால் உங்கள் நோட்டிலும் பதிவாகும்.

இரண்டாவது வருகைக்குச் சிறிய கட்டணமாவது வாங்குங்கள். காசு கொடுத்தவர் ஆட்டத்தைக் கவனிப்பார். குடும்பமாக வருபவர்களுக்கும் பத்துப் பேருக்குமேல் சேர்ந்து வருபவர்களுக்கும் சலுகை கொடுங்கள், அதில் குழப்பமான நிபந்தனைகள் வேண்டாம். பருவ டிக்கெட் வாங்குபவருக்குப் பணச் சலுகையைவிட, பெயர் எழுதிய இருக்கையும் ஒரு நாள் அணியின் பயிற்சியைப் பார்க்கும் அனுமதியும் அதிக மகிழ்ச்சி தரும்.

ஏழாவது படி: ஸ்பான்சர்

அருகிலுள்ள கடைக்காரரிடமோ நிறுவனத்திடமோ போகும்போது "விளையாட்டுக்கு ஆதரவு தாருங்கள்" என்று கேட்காதீர்கள். உங்கள் நோட்டைத் திறந்து காட்டுங்கள். சராசரியாக இத்தனை பேர், அதில் இத்தனை குடும்பங்கள், இத்தனை பேர் மூன்று தடவைக்குமேல் வந்தவர்கள், காணொளிகளை இத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். எண் சிறியதாக இருந்தாலும் கூட்டிச் சொல்லாதீர்கள். களம் சிறியது என்பதால் பலகையிலோ கோலுக்குப் பின்னாலோ உள்ள விளம்பரம் ஏறக்குறைய ஒவ்வொரு காணொளியிலும் விழும். இது பெரிய மைதானம் தர முடியாதது. ஆட்டத்துக்கு ஒரு தடவை ஸ்பான்சரின் ஊழியர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்தால் அதுவும் ஒரு புது வளையம்.

உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கு ஆட்ட முடிவை மட்டும் அனுப்பினால் ஒரு வரிதான் வரும். ஓர் ஆட்டக்காரரின் கதையையும் நல்ல படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் அரைப் பக்கம்கூடக் கிடைக்கலாம்.

எட்டாவது படி: வரவுக்குள் வளருங்கள்

கூட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிட வேண்டாம். 1987இல் மேஜர் இண்டோர் சாக்கர் லீக்கின் இறுதித் தொடரில் டகோமா ஸ்டார்ஸும் டல்லஸ் சைட்கிக்ஸும் ஆடிய ஏழாவது ஆட்டத்தை 21,728 பேர் பார்த்தார்கள். கூடுதல் நேரத்தில் டல்லஸ் 4-3 என்று வென்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1992இல், அந்த லீக்கே மூடப்பட்டது. கூட்டத்தைத் திரட்டத் தெரிந்த அணிகளையும் சம்பளமும் அரங்கச் செலவும் நஷ்டத்தில் தள்ளிவிட்டன. அதே காலத்தில், 1984இல் தொடங்கிய மில்வாக்கி வேவ் அணி லீக்குகள் மாறினாலும் தொடர்ந்து ஆடிவந்தது. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு கணக்கு எழுதுங்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்பது ஒன்று. வந்தவர்களில் இரண்டாவது தடவையாக வந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. மொத்தக் கூட்டம் ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும். இரண்டாவது கணக்கு ஏறிக்கொண்டே இருந்தால் நீங்கள் சரியான திசையில் போகிறீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று ஆட்டங்களில் எண்ணுவது மட்டும். நான்காவது ஆட்டத்தில் இருக்கைகளை ஒரு பக்கமாக்கி, அறிவிப்பாளரை நிறுத்துங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் முதல் சிறுவர் அணிகள். இதற்கிடையே காணொளிகள் வாரம் மூன்று. ஸ்பான்சரிடம் போவது எட்டாவது ஆட்டத்துக்குப் பிறகு, கையில் நோட்டு நிறைந்தபின்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் காலை, முதல் தடவையாக வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். மொத்தமாக அனுப்பும் விளம்பரச் செய்தி வேண்டாம், பெயர் சொல்லி எழுதுங்கள். "நேற்று வந்ததற்கு நன்றி. நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மூன்றாவது கோல் விழுந்தது, காணொளியை இணைத்திருக்கிறோம், உங்கள் மகளும் அதில் தெரிகிறாள். அடுத்த ஆட்டம் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அதே இருக்கைகளை எடுத்துவைக்கட்டுமா?"